சிக்கந்தர் மௌலவியும் உம்மு ஹசனின் தட்டும்

ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்கு வரும் காலை பஸ் எங்கள் பள்ளிக்கூட வாசலில் நிற்பதில்லை. போன வாரம் ஒருநாள் நின்றது. கண்டக்டர் இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு என் வகுப்பறை வரைக்கும் நடந்து வந்தார். அவர் சிங்களவர், எங்கள் தமிழ் அவருக்கு நன்றாகவே வரும்.

"மாஸ்டர், ஹட்டன் மௌலவி மாத்தயா போயிட்டாங்க. விடியக்காலம் பள்ளிவாசலுக்குப் போயிட்டு வந்து, நெஞ்சு வலிக்குதுன்னு உட்கார்ந்தாங்களாம். அவ்வளவுதான். உங்களுக்குச் சொல்லிடச் சொன்னாங்க" என்றார்.

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் நேரமாகிறது என்று ஒரு சத்தம் போடவில்லை. அத்தனை பேருக்கும் அவரைத் தெரியும். பஸ் திரும்பி வந்தபோது நானும் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. நாற்பதைத் தொடாத மனிதர். எடுத்த காரியத்தைப் பாதியில் விடுகிற பழக்கம் அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அப்படிப்பட்டவர் ஒரே ஒரு காரியத்தைப் பாக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். அது ஒரு எனாமல் தட்டு சம்பந்தப்பட்டது. அவரோடு பழகியவர்களுக்கு அந்தத் தட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பழகாதவர்களுக்காக முதலிலிருந்தே சொல்கிறேன்.

சிக்கந்தர் மௌலவி அவர்கள் ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அத்தா தோட்டத்துக் கடை வாசலில் தையல் மெஷின் போட்டு, கங்காணிமாருக்குக் கோட்டும் பிள்ளைகளுக்குச் சட்டையும் தைத்துக் கொடுத்தவர். லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டின் கடைசிக் காம்பரா, ஒற்றை அறை, அவர்கள் வீடு. அடுத்த காம்பராவில் கொழுந்து பறிக்கும் மாரியாயி குடும்பம். தீபாவளிக்கு அங்கிருந்து ஒரு தட்டில் முறுக்கும் அதிரசமும் வரும். பெருநாளைக்கு அதே தட்டில் இங்கிருந்து நெய்ச்சோறு போகும். இடைப்பட்ட நாட்களிலும் கீரையோ கிழங்கோ போய் வந்துகொண்டுதான் இருக்கும். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் பேச்சே கிடையாது. வீட்டில் ஒன்றுமே இல்லாத நாளில் ஒரு பிடி சீனியாவது போட்டு அனுப்புவார்கள். "சும்மா தட்டைக் குடுத்தா உறவு வேணாம்னு அர்த்தம்டா" என்று அவருடைய அம்மா சொல்வாராம். நம் மலைநாட்டில் இது வீட்டுக்கு வீடு உள்ள வழக்கம்தான். ஆனால் அதைக் கடல் கடந்து கொண்டுபோனவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

நானும் அவரும் சந்தித்தது தென்கரையில் ஓர் அரபுக் கல்லூரியில். நான் தலவாக்கலைப் பேக்கரிக்காரர் மகன். கரையோரத்துப் பையன்கள் எங்கள் இருவரின் பேச்சையும் கேலி செய்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இலக்கணத்தில் தலையைப் புதைத்துக்கொண்டேன். அவர் அப்படியில்லை. "தோட்டத்தான்" என்று யாராவது கூப்பிட்டால், "ஆமாங்க, தோட்டத்தான்தான். காலையில நீங்க குடிச்ச தேத்தண்ணி நல்லா இருந்துச்சுங்களா?" என்று சிரித்த முகத்தோடு கேட்பார். கேட்டவன் வேறு பேச்சுக்குப் போய்விடுவான்.

நாடு சுதந்திரம் பெற்றுச் சில வருடங்கள் கழிந்து, மேற்படிப்புக்காகக் கெய்ரோ போக எங்கள் இருவருக்கும் இடம் கிடைத்தது. அவருடைய அத்தா அலைந்து திரிந்து, தோட்டத்து ஆட்களுக்கு எளிதில் கிடைக்காத பிரஜாவுரிமையை எடுத்து வைத்திருந்ததால் பாஸ்போர்ட்டும் கிடைத்தது. கொழும்பில் கப்பல் ஏறும்போது அவர் கையில் இரண்டு மூட்டைகள். ஒன்றில் கிதாபுகள், அரபுப் புத்தகங்கள். மற்றதில் மிளகாய்த் தூள், மாசிக் கருவாடு, தேயிலைத் தூள், ரொட்டி சுடுகிற இரும்புச் சட்டி. "சட்டி எதுக்கு?" என்று கேட்டேன். "கிதாபைச் சுட்டுத் திங்க முடியுமா மச்சான்?" என்றார்.

கெய்ரோவில் வெளிநாட்டு மாணவர்களின் விடுதிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தது ஒரு மத்தியான நேரம். வாசலில் வாயிற்காவலர் இத்ரீஸ் தரையில் உட்கார்ந்து, ரொட்டியும் அவித்த மொச்சையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையை விரித்து, "தஃபள்ளல்" என்றார். "வாருங்கள், சாப்பிடுங்கள்" என்று பொருள். அந்த ஊரில் சாப்பிடுகிறவர் எவரும் கடந்து போகிறவர் எவரிடமும் இதைச் சொல்வார். கடந்து போகிறவர் நெஞ்சில் கை வைத்து நன்றி சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் மரியாதை. இது பின்னால் எங்களுக்குத் தெரிந்தது. அன்றைக்குச் சிக்கந்தர் மூட்டையை இறக்கி வைத்தார், குழாயில் கை கழுவினார், பிஸ்மி சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

எனக்குச் சங்கடமாக இருந்தது. மாடிப்படியில் நின்ற மாணவர்கள் சிரித்தார்கள். இத்ரீஸ் ஒரு நிமிடம் திகைத்தார். பிறகு அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன். அந்த வாசலில் எத்தனை பேரை அவர் அழைத்திருப்பார்! உட்கார்ந்த முதல் ஆள் இவர்தான். உள்ளே குரல் கொடுத்தார். படிக்கட்டுக்குக் கீழே இருந்த அறையிலிருந்து அவர் மனைவி, மூத்த மகன் பெயரால் உம்மு ஹசன் என்று அழைக்கப்பட்டவர், நீல விளிம்பு வைத்த வெள்ளை எனாமல் தட்டு நிறையப் பருப்பும் சோறும் கொடுத்து அனுப்பினார். நானும் உட்கார வேண்டியதாயிற்று.

சாப்பிட்டதும் சிக்கந்தர் அந்த அறையை எட்டிப் பார்த்தார். ஒரே அறை, மூலையில் அடுப்பு, கொடியில் துணி, பாயில் பிள்ளைகள். எகிப்தின் தென்கோடியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பம் அது. "மச்சான், இது நம்ம காம்பராதான்" என்றார். கெய்ரோவைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை அது. பிரமிடுகளைப் பற்றி அவர் ஒருநாளும் இவ்வளவு உற்சாகமாகப் பேசியதில்லை.

மீதிச் சோற்றோடு தட்டு எங்கள் அறைக்கு வந்தது. மறுநாள் அதைக் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டு சிக்கந்தர் யோசித்தார். மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்ற வைத்து, இரும்புச் சட்டியில் கோதுமை மா ரொட்டி சுட்டார். மாசியும் மிளகாயும் வெங்காயமும் இடித்துச் சம்பல் செய்தார். தட்டு கீழே போனது. சற்று நேரத்தில் கீழேயிருந்து பிள்ளைகள் அலறும் சத்தம் கேட்டது. நம் சம்பலின் காரம் அந்த வீட்டை ஒரு வழி பண்ணிவிட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். சாயங்காலம் அதே தட்டில் ஒரு கிண்ணம் தயிர் வந்தது. "காரத்துக்கு இது நல்லது, உங்களுக்கும் வேண்டியிருக்கும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார் உம்மு ஹசன். அந்த அம்மாவின் ஊரிலும் தட்டு வெறுமையாகத் திரும்பாது!

அன்று தொடங்கிய தட்டு நிற்கவில்லை. நாங்கள் அனுப்பினால் அவர்கள் நிறைத்து அனுப்புவார்கள். அதை நாங்கள் வெறுமையாகக் கொடுக்க முடியுமா? பசளிக்கீரை மாதிரி வழவழவென்று ஒரு கீரைக் குழம்பு வரும். கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவோம். ஒரு வருடத்தில் அது இல்லாமல் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக இல்லை என்கிற நிலைக்கு வந்துவிட்டோம். தேநீர் விஷயத்தில் மட்டும் சிக்கந்தர் கடைசி வரை சண்டை போட்டார். தேயிலையைக் கஷாயம் போலக் கொதிக்க வைத்துக் கறுப்பாக இறக்குவார்கள். "இது தேத்தண்ணி இல்ல மச்சான், தேயிலைக்குக் குடுக்கிற தண்டனை" என்பார். சொல்லிக்கொண்டே மூன்றாவது கண்ணாடிக் கோப்பையைக் கேட்டு வாங்குவார்.

பாட விஷயத்தில் அந்த முதல் வருடம் அவருக்குச் சுலபமாக இல்லை. நாங்கள் ஊரில் படித்தது கிதாபு அரபு. படிப்போம், எழுதுவோம், வாயைத் திறந்து பேச வராது. வகுப்பில் எனக்காவது இலக்கணம் கை கொடுத்தது. அவர் பின்வரிசையில் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பார். பேசச் சொன்னால் எழுந்து நிற்பார், உட்கார்ந்துவிடுவார். ஆனால் சாயங்காலம் வாசலில் இத்ரீஸோடு உட்கார்ந்தால் கதையளப்பு ஓயாது. தப்பும் தவறுமாகத்தான். யார் கணக்குப் பார்த்தார்கள்?

அப்போதுதான் அந்தச் சிக்கல் வந்தது. விடுதிக் கண்காணிப்பாளர் கண்டிப்பான நகரத்துக் கனவான். மாணவர்கள் சிலர் சினிமாவுக்குப் போய் நேரம் கழித்து வந்தாலும் வாசல் திறக்கிறது என்று அவருக்குப் புகார் வந்திருந்தது. அவர் கண்ணில் இந்தத் தட்டு பட்டது. மாணவர் அறையிலிருந்து வாயிற்காவலர் வீட்டுக்குத் தினமும் உணவு போகிறதென்றால் அது வாசல் திறப்பதற்கான கைக்கூலி என்று முடிவு கட்டினார். சாவிகளை ஒப்படைத்துவிட்டுக் குடும்பத்தோடு வெளியேறும்படி இத்ரீஸிடம் சொல்லிவிட்டார். வேலையோடு அந்த ஒற்றை அறையும் போகும். எங்கள் ஊர் லயத்தில் வேலையிலிருந்து பேர் வெட்டினால் காம்பராவும் போகிற அதே கதை. இத்ரீஸ் சொன்னதைக் கேட்டதும் சிக்கந்தரின் முகம் மாறிவிட்டது. சிறு வயதில் அப்படி வெளியேறிப் போன ஒரு குடும்பத்தின் சாமான்களைத் தலையில் சுமந்தவர் அவர்.

"மச்சான், நீங்க வாங்க. இலக்கணத்தோட ஒரு நாலு வார்த்தை சொல்லுங்க" என்று என்னை அழைத்தார். நான் படிக்கட்டு இறங்குவதற்குள் மனதில் அழகான வாக்கியங்களை அடுக்கிவிட்டேன். அவரோ அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய ரொட்டியையும் சம்பலையும் அந்தத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டார். அன்றைக்குத் தட்டு எங்கள் பக்கம் இருந்தது. நேரே கண்காணிப்பாளரின் மேசைமேல் அதை வைத்தார். நான் தொண்டையைச் செருமுவதற்குள் அவரே பேச ஆரம்பித்துவிட்டார். வாசல் அரபு, கிதாபு அரபு, நடுவில் ஒன்றிரண்டு தமிழ் வார்த்தை. ஒரு வருடம் வகுப்பில் பேசாத மனிதர் மூச்சு விடாமல் பேசினார்.

"உஸ்தாத், நீங்கள் பார்த்த தட்டு இதுதான். முதல்நாள் அவர் அழைத்தார், நான் உட்கார்ந்தேன். அது என் தவறு. உங்கள் ஊரில் உட்காரக் கூடாது என்று எனக்குத் தெரியாது. எங்கள் மலையில் சாப்பிட அழைத்தால் அது அழைப்புத்தான். தட்டு நிறைந்து வந்தது, நிறைத்து அனுப்பினேன். மறுபடி நிறைந்து வந்தது. எங்கள் ஊரில் வெறும் தட்டைத் திருப்பினால் உறவை வெட்டியதாக அர்த்தம். அவர் மனைவியின் ஊரிலும் அப்படித்தானாம். இதை நிறுத்த வேண்டும் என்றால் எங்களில் ஒருவர் வெறும் தட்டை அனுப்ப வேண்டும். யார் அந்த வெட்கங்கெட்ட காரியத்தைச் செய்வது என்று நீங்களே சொல்லுங்கள். செய்கிறோம்."

கண்காணிப்பாளர் அவரையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். சிக்கந்தர் கையை விரித்து, "தஃபள்ளல்" என்றார்.

நெஞ்சில் கை வைத்து நன்றி சொல்லியிருக்கலாம் அந்தக் கனவான். அதுதான் அவர் ஊர் மரியாதை. ஏனோ, ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டு வாயில் போட்டார். அவர் கண்ணில் தண்ணீர் நிறைந்தது. ஒரு கோப்பைத் தண்ணீர் குடித்து முடித்துவிட்டுத்தான் அவரால் பேச முடிந்தது. "இதைக் கைக்கூலியாக வாங்குகிறவன் பைத்தியக்காரனாகத்தான் இருக்க வேண்டும். சாவி இத்ரீஸிடமே இருக்கட்டும். வாசல் நேரத்தை மட்டும் நீங்கள் எல்லாரும் காப்பாற்றுங்கள்" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வீட்டு வேலையாள் ஒரு தட்டில் பேரீச்சம்பழம் கொண்டுவந்து எங்களிடம் கொடுத்தார். அதை எப்படி வெறுமையாகத் திருப்புவது என்று சிக்கந்தர் உடனே மாப் பிசைய உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வகுப்பில் அவர் வாய் ஓயவில்லை. பிழை திருத்தினால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த பிழைக்குப் போவார். இறுதிப் பரீட்சையில் என்னைவிட அதிகமாகத்தான் தேறினார். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் இன்னும் உண்டு.

நாங்கள் புறப்பட்ட காலையில் இத்ரீஸ் குடும்பம் வாசலில் வரிசையாக நின்றது. முந்தின இரவே தட்டை நிறைத்துக் கீழே கொடுத்துவிட்டார் சிக்கந்தர், கணக்கு அவர்கள் பக்கம் முடியட்டும் என்று. உம்மு ஹசன் விடுவாரா? தட்டு நிறையப் பெருநாள் பிஸ்கட் அடுக்கி, துணியால் மூடிக் கட்டி, வண்டி கிளம்பும் நேரத்தில் சிக்கந்தரின் மடியில் வைத்துவிட்டார். "உன் முறை, மகனே" என்றார். வண்டிக்குள் சிக்கந்தர் குழந்தை மாதிரி அழுதார். எனக்குத் தெரிந்து அவர் அழுதது அந்த ஒருமுறைதான்.

ஹட்டன் ஸ்டேஷனில் அவரை வரவேற்க ஒரு கூட்டமே வந்திருந்தது. இறங்கிய வேகத்தில் எகிப்துப் பழக்கத்தில் ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்து இரு கன்னத்திலும் முத்தமிட ஆரம்பித்தார். அத்தாவுக்கு ஆயிற்று, மாரியாயியின் புருஷனுக்கு ஆயிற்று, பெரிய கங்காணி பெரியசாமிக்கும் ஆயிற்று. கங்காணி மீசையைத் தடவிக்கொண்டு, "என்னாங்க தம்பி, அங்க எல்லாருக்கும் இப்படித்தானுங்களா?" என்று கேட்டார். "ஆமாங்கய்யா." "அப்ப பொம்பளைங்க வரிசைப் பக்கம் போயிறாதீங்க" என்றார் கங்காணி. பிளாட்பாரமே சிரித்தது.

பிறகு ஹட்டனில் அரபு ஆசிரியராக அவர் ஆற்றிய பணியை ஊர் அறியும். பாடத்தில் எவ்வளவு பிழை விட்டாலும் பிள்ளைகளைப் பேச விட்டவர் அவர். ஆனால் அவர் வீட்டுக்குப் போகிற எவர் கண்ணிலும் முதலில் படுவது அலமாரியின் நடுத்தட்டில் இருந்த அந்த எனாமல் தட்டுத்தான். அது வெறுமையாக இருக்கக் கூடாது என்பது அவர் சட்டம். சீனி மிட்டாயோ கடலையோ ஏதாவது இருக்கும். அவர் துணைவியார் ரஹீமா அவர்கள் ஆரம்பத்தில் முணுமுணுத்திருக்கிறார்: "என்னாங்க, ஒரு தட்டுக்கு இம்புட்டு உபசாரமா?" அவர் சொன்ன பதில்: "அது நம்ம தட்டு இல்ல புள்ள. விருந்தாளி."

திருப்பிக் கொடுக்க அவர் எத்தனையோ முறை கிளம்பப் பார்த்தார். அந்நியச் செலாவணி கிடைக்கவில்லை, பிள்ளைகள் பிறந்தார்கள், லீவு கிடைக்கவில்லை. ஹஜ்ஜுக்குப் போனவர்கள், கெய்ரோவுக்குப் படிக்கப் போனவர்கள் எல்லாரும் கேட்டார்கள்: "குடுங்க மௌலவி, நாங்க சேர்த்துடறோம்." அசையவில்லை. "தட்டை ஆள் வச்சு அனுப்புறதா? அந்தத் தட்டுல தின்ன கைதான் குடுக்கணும்" என்பார். அங்கிருந்து திரும்பிய ஒரு மாணவர் வந்து சொன்னார், இத்ரீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று அதே தெருவில் மகன் வீட்டில் இருக்கிறார், உம்மு ஹசன் நல்ல சுகம், "என் தட்டு எங்கே?" என்று சிரித்தபடி கேட்கிறார் என்று. அன்று முழுவதும் சிக்கந்தர் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். கடைசியாக நான் பார்த்தபோதும், "அடுத்த வருஷம் கட்டாயம் மச்சான். நம்ம தலவாக்கலை இலை, நல்ல முதல் தரம். அந்த அம்மா கொதிக்க வச்சுக் கெடுக்கும்னு தெரியும். கெடுக்கட்டும், அதோட தேயிலை" என்றார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அந்த வீட்டுக்குப் போனேன். இழவு நடந்த மையத்து வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பதால் ஊரே உணவு கொண்டுவந்திருந்தது. பள்ளிவாசல் தெருவிலிருந்து, கோவில் பக்கத்திலிருந்து, பழைய லயத்திலிருந்து, மாதா கோவில் சிஸ்டர்களிடமிருந்து. கழுவிய பாத்திரங்கள் கூடம் முழுக்க அடுக்கியிருந்தன. ரஹீமா அவர்கள் கணவரை இழந்தவர் தனித்திருக்கும் இத்தாவில் இருப்பதால் கதவுத் திரைக்குப் பின்னாலிருந்துதான் பேசினார்.

"அண்ணே, இந்தப் பாத்திரமெல்லாம் சும்மாவே போகலாமாம். மையத்து வீடுன்னா யாரும் தப்பா எடுக்க மாட்டாங்களாம். ஆனா ஒண்ணு மட்டும் அப்படிப் போகக் கூடாதுண்ணே. நீங்க வர்ற மாசம் கெய்ரோவுக்குப் பயிற்சிக்குப் போறதா அவங்க சொன்னாங்க."

நான் தயங்கினேன். "தங்கச்சி, ஆள் வச்சு அனுப்பக் கூடாதுன்னு அவர்தான் சொல்லிட்டாரே. அந்தத் தட்டுல தின்ன கைதான் குடுக்கணும்னு..."

"நீங்க அந்தத் தட்டுல திங்கலையாண்ணே?"

இல்லை என்று எப்படிச் சொல்வேன்? நான்கு வருடம் அந்தத் தட்டுத்தான் எனக்கும் சோறு போட்டது. அவர் ரொட்டி சுட்டபோதெல்லாம் வெங்காயம் நறுக்கியது என் கைதான். சிரித்த மாணவர்களுக்கு நடுவில் உட்காரத் தயங்கியவன் நான் என்றாலும், உட்கார்ந்த பிறகு வயிறு நிறையத்தான் தின்றேன். இத்தனை காலம் அது அவருடைய தட்டு என்றே நினைத்திருந்தேன்.

திரைக்குக் கீழே ஒரு கை அந்தத் தட்டைத் தரையோடு என் பக்கம் தள்ளியது. வெள்ளைத் துணியால் மூடித் தைத்திருந்தார்கள். உள்ளே தேயிலை. துணியை மீறி வாசனை வந்தது. சென்ற பெருநாளைக்கே அவர் வாங்கி வைத்தது என்று சொன்னார்.

சிக்கந்தர், உங்கள் முறையை நான் முடித்துவைக்கிறேன். அவர்கள் வீட்டு வாசலில் எனக்கும் "தஃபள்ளல்" சொல்வார்கள். இந்த முறை நான் தயங்காமல் உட்காருவேன். ஆனால் உம்மு ஹசன் என்னை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தத் தட்டு நிறைந்துதான் ஹட்டனுக்குத் திரும்பும். இதைத் திரைக்கு இந்தப் பக்கம் நின்று ரஹீமாவிடம் சொன்னேன். அவர் சொன்னார்:

"வரட்டும்ணே. நாங்க இருக்கோம்ல."

நிம்மதியாகப் போய் வாருங்கள் மச்சான். இனி அது எங்கள் முறை.